வண்டி ஓடினால் மட்டும் போதாது: ரோபோ செய்து இயற்பியல் கற்பிக்க ஒரு தொடக்க வழிகாட்டி

ரோபோட்டிக்ஸ் வகுப்பு தொடங்கலாம் என்று முடிவெடுத்தவுடன் பெரும்பாலோர் வாங்குவது நிரல் ஏற்றி இயக்கும் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையும் அதற்கான உதிரிபாகப் பெட்டியும்தான். படத்தைப் பார்த்துத் திருகுகளை முடுக்குகிறார்கள், யாரோ எழுதிய நிரலை ஏற்றுகிறார்கள், வண்டி ஓடுகிறது, கைதட்டுகிறார்கள். மறுநாள் அதே பிள்ளையிடம், "மோட்டாரைக் கையால் பிடித்து நிறுத்தினால் மின்னோட்டம் கூடுமா, குறையுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. வண்டி ஓடிவிட்டது, இயற்பியல் நடக்கவே இல்லை.

இந்த வழிகாட்டி, எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு இரண்டு மோட்டார் வண்டி ஒன்றைக் கொண்டு மின்சுற்றையும் இயக்க விதிகளையும் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் உரியது. சேலத்திலும் ஏற்காட்டிலும் நான் பின்பற்றும் முறை இது. இதில் மாற்றக்கூடாத விதி ஒன்றே ஒன்று: ஒவ்வொரு இணைப்புக்கும் முன்னால் பிள்ளைகள் ஓர் எண்ணைக் கணித்து நோட்டில் எழுத வேண்டும், பிறகு இணைத்து அளக்க வேண்டும், இரண்டு எண்களும் ஏன் வேறுபடுகின்றன என்று பேசிய பிறகே அடுத்த படி.

வாங்குவதற்கு முன்

ஒரு வண்டிக்கு மூன்று பிள்ளைகள் போதும். ஒருவர் இணைப்பார், ஒருவர் அளப்பார், ஒருவர் எழுதுவார். நான்காமவருக்கு வேலை இருக்காது. படிக்குப் படி இந்த வேலைகள் கைமாற வேண்டும். கலப்பு வகுப்பில் நோட்டு எப்போதும் பெண் பிள்ளை கையிலும் ஸ்குரூடிரைவர் எப்போதும் பையன் கையிலும் போய்ச் சேரும். முதல் நாளே அதைத் தடுத்துவிடுங்கள்.

எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் "பிஓ மோட்டார்" என்று கேளுங்கள். பிளாஸ்டிக் கூட்டுக்குள் பற்சக்கரங்களோடு வரும் சிறிய மோட்டார் அது. பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். நிமிடத்துக்கு 100 சுற்று சுற்றும் வகையை வாங்குங்கள். 300 சுற்று வகை விறுவிறுப்பாக ஓடும், ஆனால் சரிவில் திணறும். மோட்டார் இரண்டு, அவற்றுக்கான 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரங்கள் இரண்டு, எல்லாப் பக்கமும் திரும்பும் சிறு காஸ்டர் சக்கரம் ஒன்று, நான்கு ஏஏ மின்கலங்கள் வைக்கும் உறை, ரீசார்ஜ் செய்யக்கூடிய 1.2 வோல்ட் நிக்கல் மின்கலங்கள் நான்கு, சில எல்இடிகள், ரெசிஸ்டர்கள், பற்று வைக்காமல் கம்பிகளைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டு ஒன்று. அடிப்பலகைக்குத் தடித்த அட்டையோ மெல்லிய பிளைவுட் துண்டோ போதும்.

மல்ட்டிமீட்டர் குழுவுக்கு ஒன்று கட்டாயம். பணம் போதவில்லை என்றால் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். மல்ட்டிமீட்டரில் கை வைக்காதீர்கள். விலை மலிவான மீட்டரே போதும்.

லித்தியம் மின்கலங்களைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். பிள்ளைகள் வகுப்பில் இரண்டு கம்பிகள் எப்போதாவது ஒன்றையொன்று தொட்டே தீரும்; அப்போது லித்தியம் மின்கலம் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. நிக்கல் மின்கலமும் குறுக்குச்சுற்றில் கம்பியைச் சுடவைக்கும் என்பதால் உறையோடு ஒரு சுவிட்சைச் சேர்த்துவிடுங்கள். வீட்டு மின்சாரத்தில் ஓடும் எதையும், பழைய மிக்சி மோட்டார் உட்பட, மேசைக்குக் கொண்டுவரக் கூடாது.

முதல் படி: ஒரே ஒரு விளக்கு

மின்கலங்கள் நான்கையும் தொடராக இணைத்தால் 4.8 வோல்ட். சிவப்பு எல்இடி தனக்கென ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 2.8 வோல்ட் ரெசிஸ்டரின் மேல் விழ வேண்டும். 10 மில்லிஆம்பியர் போதும் என்றால் 2.8-ஐ 0.01-ஆல் வகுக்க 280 ஓம் வருகிறது. கடையில் 280 கிடைக்காது, 330 கிடைக்கும். அப்படியானால் மின்னோட்டம் எவ்வளவு? சுமார் 8.5 மில்லிஆம்பியர். எழுதட்டும், பிறகு இணைத்து அளக்கட்டும்.

மின்னோட்டத்தை அளக்கும்போது மீட்டரைச் சுற்றின் நடுவே, கம்பியைப் பிரித்துச் செருக வேண்டும். மின்னழுத்தத்தை அளக்கும்போது உறுப்பின் இரு முனைகளிலும் தொட வேண்டும். மின்னோட்ட அளவில் இருக்கும் மீட்டரை நேராக மின்கலத்தின் இரு முனைகளில் வைத்தால் உள்ளிருக்கும் ஃபியூஸ் போய்விடும், சில நேரம் மீட்டரே போய்விடும். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, மீட்டரின் முள்கம்பிகளைத் தொடும் முன் "நடுவிலா, பக்கத்திலா?" என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். ஒரே வாரத்தில் படிந்துவிடும்.

இரண்டாம் படி: மோட்டாரைக் கையில் பிடித்துப் பார்ப்பது

இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, அவசரப்படாதீர்கள். ஒரு முழு வகுப்பை இதற்கே ஒதுக்கலாம்.

வண்டியில் பொருத்தாத தனி மோட்டார் ஒன்றை மின்கல உறையோடு இணையுங்கள். மல்ட்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றிச் சுற்றின் நடுவே வையுங்கள். சக்கரம் தடையின்றிச் சுற்றும்போது 0.12 ஆம்பியர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓம் விதியைப் படித்த பிள்ளை உடனே கணக்குப் போடும்: 4.8 வகுத்தல் 0.12, அதாவது 40 ஓம்.

இப்போது சக்கரத்தை விரல்களால் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு நொடிக்கு மேல் வேண்டாம், மோட்டார் சூடாகும். மீட்டர் 0.8 ஆம்பியர் வரை ஏறும். அதே கணக்கு இப்போது 6 ஓம் என்கிறது. ஒரே மோட்டார், ஒரே மின்கலம், இரண்டு மின்தடைகள். எந்த எண் சரி?

இந்த இடத்தில் நீங்கள் பேசாமல் இருங்கள். "மின்கலம் பலவீனமாகிவிட்டது", "கை சூட்டால் மாறிவிட்டது" என்று பல விளக்கங்கள் வரும். ஒவ்வொன்றையும் சோதிக்கவிடுங்கள். கடைசியில் இன்னொரு மோட்டாரை எடுத்து, மின்கலம் எதுவும் இணைக்காமல், மீட்டரை வோல்ட் அளவில் வைத்து அதன் முனைகளில் தொடுங்கள். சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுழற்றச் சொல்லுங்கள். மீட்டரில் வோல்ட் தெரியும். எல்இடியைச் சரியான திசையில் இணைத்தால் மினுக்கென்று எரியும். மேட்டூர் அணையில் தண்ணீர் செய்யும் வேலையைத்தான் இங்கே விரல் செய்கிறது.

சுழலும் மோட்டார் தானே ஒரு மின்னழுத்தத்தை உருவாக்குகிறது. அது மின்கலத்தை எதிர்த்து நிற்கிறது. ஆகவே சுழலும்போது குறைந்த மின்னோட்டமே உள்ளே வரும். பிடித்து நிறுத்தினால் அந்த எதிர்ப்பு மறைந்து, கம்பிச்சுருளின் உண்மையான தடை மட்டும் மிஞ்சும். அந்த 6 ஓம் மோட்டாருடையது. 40 ஓம் சுழற்சியின் விளைவு. ரோபோ சுவரில் முட்டி நின்றால் மின்கலம் ஏன் விரைவில் தீர்கிறது, மோட்டார் ஏன் கருகுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இங்கேயே 9 வோல்ட் சதுர மின்கலத்தையும் சோதியுங்கள். பல வீட்டுத் திட்டங்களில் இதைத்தான் மோட்டாருக்கு இணைக்கிறார்கள், பிறகு வண்டி நகரவில்லை என்று வருந்துகிறார்கள். சும்மா இருக்கும்போது மீட்டர் 9 வோல்ட்டுக்கு மேல் காட்டும். மோட்டாரை இணைத்துச் சக்கரத்தை லேசாக அழுத்தியவுடன் அந்த எண் சட்டெனச் சரியும். விழுந்த வோல்ட்டை அப்போது ஓடும் மின்னோட்டத்தால் வகுத்தால் மின்கலத்தின் அகத்தடை கிடைக்கும். நான்கு நிக்கல் மின்கலங்களுக்கும் இதே கணக்கைச் செய்து இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும். 9 பெரிய எண், 4.8 சிறிய எண் என்ற எண்ணம் அங்கேயே உடைந்துவிடும்.

மூன்றாம் படி: இரண்டு மோட்டார், இரண்டு வழி இணைப்பு

தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் பாடநூலில் விளக்குகளைக் கொண்டு வரும். மோட்டாரில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும்.

இரண்டு மோட்டார்களைத் தொடராக இணைத்து ஓடவிடுங்கள். இரண்டும் மெதுவாகச் சுழலும். ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் மற்றது என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். "அதுவும் நிற்கும்" என்றே பெரும்பாலோர் எழுதுவார்கள். ஆனால் அது வேகமெடுக்கும். பிடிக்கப்பட்ட மோட்டார் எதிர் மின்னழுத்தத்தை இழந்துவிட்டதால், மின்கலத்தின் வோல்ட்டில் பெரும்பகுதி சுழலும் மோட்டாருக்குப் போகிறது. வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் தலைநிமிர்வதை இந்தச் சோதனையில் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

இப்போது பக்க இணைப்பு. ஒன்றைப் பிடித்தால் மற்றது லேசாக மட்டும் மந்தமாகும். அந்த லேசான மந்தத்துக்கும் காரணம் உண்டு. அகத்தடையைக் கணக்கிட்ட குழு தானாகவே சொல்லிவிடும். வண்டிக்கு எந்த இணைப்பு வேண்டும் என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.

நான்காம் படி: வேகம்

வண்டியைப் பூட்டிவிட்டீர்கள். சக்கரத்தின் சுற்றளவு 65 பெருக்கல் 3.14, சுமார் 204 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 100 சுற்று என்றால் நொடிக்கு 34 சென்டிமீட்டர் போக வேண்டும். தரையில் சுண்ணாம்புக்கட்டியால் அரை மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, கைப்பேசியின் நிறுத்துக்கடிகாரத்தில் நேரம் குறியுங்கள். பெரும்பாலும் கணித்ததைவிடக் குறைவாகவே வரும்: மோட்டாரின் மேல் எழுதியுள்ள சுற்று அதன் முழு மின்னழுத்தத்தில், சுமையில்லாமல் அளந்தது. தொலைவுக்கும் நேரத்துக்கும் வரைபடம் வரையச் சொல்லுங்கள். கோட்டின் சாய்வு எங்கே மாறாமல் நிலைக்கிறதோ அங்கே வேகம் சீராகிவிட்டது.

வண்டி ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகும். மோட்டார்களை இடம் மாற்றிப் பாருங்கள், பிறகு சக்கரங்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். குறை எதனோடு சேர்ந்து நகர்கிறதோ அதுதான் காரணம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதை இதைவிட எளிதாகக் கற்றுக்கொடுக்க முடியாது.

ஐந்தாம் படி: ஏற்காடு ஏறுதல்

சேலத்துப் பிள்ளைகளுக்குச் சாய்தளம் என்றால் ஏற்காடு மலைப்பாதைதான். 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் ஏன் வளைந்து வளைந்து போகிறது, ஓட்டுநர் ஏன் கியரைக் குறைக்கிறார் என்று கேட்டுவிட்டு ஒரு மீட்டர் நீளப் பலகையை எடுங்கள்.

பலகையின் ஒரு முனையை 30 சென்டிமீட்டர் உயர்த்தினால் சாய்வின் சைன் மதிப்பு 0.3. அரைக் கிலோ எடையுள்ள வண்டியைக் கீழே இழுக்கும் விசை 0.5 பெருக்கல் 9.8 பெருக்கல் 0.3, ஏறத்தாழ 1.5 நியூட்டன். பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, வண்டி எந்த உயரத்தில் தோற்கிறது என்று குறியுங்கள். எப்படித் தோற்கிறது என்பதையும் கவனியுங்கள். சக்கரம் சுழன்றும் வண்டி ஏறாவிட்டால் உராய்வு போதவில்லை. சக்கரமே நின்றுவிட்டால் மோட்டாரின் திருப்புவிசை போதவில்லை. முன்னதற்குச் சக்கரத்தில் ரப்பர் வளையம் சுற்றலாம். பின்னதற்கு ரப்பர் வளையத்தால் பயனில்லை; பற்சக்கர விகிதம் மாற வேண்டும். பழைய பிஓ மோட்டார் ஒன்றின் கூட்டைத் திறந்து பற்களை எண்ணி, விகிதங்களைப் பெருக்கிப் பார்க்கட்டும். ஓட்டுநர் கியரைக் குறைப்பது எதற்கு என்ற கேள்விக்கு விடை அந்தக் கூட்டுக்குள் இருக்கிறது.

அதே வண்டியைப் பின்பக்கமாகவும் ஏறவிடுங்கள். மோட்டார் சக்கரங்கள் கீழ்ப்பக்கம் இருக்கும்போது அதிகம் ஏறும், மேல்பக்கம் இருக்கும்போது விரைவில் வழுக்கும். சரிவில் எடை கீழ்ச்சக்கரங்களின் மேல் சாய்வதுதான் காரணம்.

இதன் பிறகு ஒரு கணக்கு. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வேறுபாடு ஏறத்தாழ 1,200 மீட்டர். அரைக் கிலோ வண்டியை அவ்வளவு உயரம் தூக்க 5,880 ஜூல் ஆற்றல் வேண்டும். நம் மின்கலம் ஒன்று 2,000 மில்லிஆம்பியர் மணி என்றால், அதில் உள்ள ஆற்றல் 1.2 பெருக்கல் 2 பெருக்கல் 3,600, அதாவது 8,640 ஜூல். நான்கில் 34,560. ஏற்காட்டுக்கு ஒரு தடவை அல்ல, ஐந்து தடவைக்கு மேல் ஏறிவிடலாம் போலிருக்கிறது!

இப்போது வேறு பக்கத்திலிருந்து கணக்கிடச் சொல்லுங்கள். சாலை வழியே சுமார் 30 கிலோமீட்டர். நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் போனால் 1,00,000 நொடிகள், ஏறத்தாழ 28 மணி நேரம். இரண்டு மோட்டார்களும் சேர்ந்து 0.3 ஆம்பியர் எடுத்தால் மின்கலம் ஏழு மணி நேரம்கூடத் தாங்காது. ஏழு கிலோமீட்டர் சுமாரில், முதல் கொண்டை ஊசி வளைவை எட்டுமுன்பே வண்டி நின்றுவிடும். முழுப் பயணத்துக்கும் தேவைப்படுவது 1,44,000 ஜூல்; அதில் உயரம் ஏறுவதற்குப் பயன்படுவது நூற்றுக்கு நான்கு பங்கு. மீதி எங்கே போகிறது? ஓடி நின்ற மோட்டாரைத் தொட்டுப் பார்க்கட்டும், பற்சக்கரங்களின் இரைச்சலைக் கேட்கட்டும், சக்கரத்தைக் கையால் சுழற்றித் தடையை உணரட்டும். திறன், ஆற்றல், பயனுறுதிறன் மூன்றும் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடுகின்றன. பத்தாம் வகுப்பில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் வீணாகாது.

பற்றவைப்பு

ஒளி தேடும் வண்டிக்குப் போகும் முன் ஈயப்பற்று வைக்கக் கற்க வேண்டும். சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக் குடும்பத்துப் பிள்ளை ஒருவராவது வகுப்பில் இருக்க வாய்ப்புண்டு. அந்தப் பிள்ளையைப் பேச வையுங்கள். வெள்ளியைப் பற்றவைக்கும் முன் வெண்காரம் இடுவது எதற்கென்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். மின்கம்பிக்கு ரோசின் இடுவதும் அதற்குத்தான்: சூட்டில் உலோகத்தின் மேல் ஆக்சைடு படிந்தால் பற்று ஒட்டாது. வெள்ளிப்பற்றுக்கு ஊதுகுழல் தீ வேண்டும். வெள்ளீயமும் காரீயமும் கலந்த நம் பற்று 190 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். கம்பியைச் சூடாக்கி அதன் மேல் பற்றைத் தொட வேண்டும், பற்றை உருக்கிக் கம்பியில் சொட்டவிடக் கூடாது. சன்னலைத் திறந்து வையுங்கள்; முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் தின்பண்டம் தொடக் கூடாது.

ஆறாம் படி: நிரல் இல்லாமல் ஒளியைத் தேடும் வண்டி

1940களின் இறுதியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்ற மூளை ஆய்வாளர், இரண்டே வால்வுகளை (பழைய வானொலிகளில் இருந்த கண்ணாடிக் குழல்கள்) கொண்டு ஒளியைத் தேடிப் போகும் இயந்திர ஆமைகளைச் செய்தார். கணினி இல்லை, நிரல் இல்லை. நம்மிடம் வால்வுக்குப் பதில், சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர் இருக்கிறது.

ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனியாக ஒரே மாதிரியான சுற்று. மின்கலத்தின் நேர்முனையிலிருந்து எல்டிஆர் (ஒளி பட்டால் தடை குறையும் ரெசிஸ்டர்), அதன் மறுமுனையிலிருந்து எதிர்முனைக்கு 10 கிலோ ஓம் பிரீசெட் (திருகித் தடையை மாற்றக்கூடிய ரெசிஸ்டர்). இரண்டும் சேரும் இடத்திலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக டிஐபி 122 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு இணைப்பு. எழுத்துள்ள பக்கம் நம்மைப் பார்க்கும்படி வைத்தால் அதன் மூன்று கால்களும் இடமிருந்து வலமாக பேஸ், கலெக்டர், எமிட்டர். எமிட்டர் எதிர்முனைக்கு; மோட்டார் நேர்முனைக்கும் கலெக்டருக்கும் நடுவே. மோட்டாரின் முனைகளுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு, அதன் வெள்ளைக்கோடு நேர்முனைப் பக்கம். மின்னோட்டம் சட்டென நிற்கும்போது சுருளில் எழும் உயர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கெடுக்காமல் அது காக்கும்.

இணைக்கும் முன் கணக்கு: எல்டிஆரை மல்ட்டிமீட்டரில் அளந்தால் டார்ச் ஒளியில் 1 கிலோ ஓம் அளவிலும், கையால் மூடினால் 100 கிலோ ஓம் அளவிலும் இருக்கலாம். பேஸ் கிளையை இன்னும் சேர்க்காதபோது, சேரும் இடத்தில் ஒளியில் சுமார் 4.4 வோல்ட், இருளில் 0.4 வோல்ட். இந்த டிரான்சிஸ்டர் விழிக்க ஏறத்தாழ 1.4 வோல்ட் வேண்டும். எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்பது காகிதத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இடது எல்டிஆர் வலது மோட்டாரையும், வலது எல்டிஆர் இடது மோட்டாரையும் இயக்க வேண்டும். அப்போதுதான் இடப்பக்கம் ஒளி வந்தால் வலச்சக்கரம் வேகமெடுத்து வண்டி ஒளியை நோக்கித் திரும்பும். இணைப்பை நேராக மாற்றினால் அதே வண்டி ஒளியைக் கண்டு விலகி ஓடும். இரண்டையும் செய்து பார்க்காமல் இந்தப் படியை முடிக்காதீர்கள்.

சேலத்து வெயிலில் பிரீசெட்டைச் சரிசெய்த வண்டி, ஏற்காட்டு மூடுபனியில் வேறு மாதிரி நடக்கும். பனியில் ஒளி எல்லாத் திசையிலிருந்தும் சிதறி வருவதால் இரு எல்டிஆர்களுக்கும் வேறுபாடு குறைகிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் அட்டைத் தடுப்பு வைத்தால் வண்டி மீண்டும் திசை காணும். மலைப்பள்ளிகளில் ஈரம் அதிகம். வகுப்பு முடிந்ததும் மின்கலங்களைக் கழற்றி வையுங்கள், இல்லையென்றால் உறையின் கம்பிச்சுருள்கள் துருப்பிடித்துத் தொடர்பு விட்டுப்போகும்.

பிறகுதான் ஆர்டுயினோ

இவ்வளவும் முடிந்த பிறகு பலகையை வாங்குங்கள். மோட்டாரை அதன் முனைகளில் நேரடியாக இணைக்க முடியாது என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை. ஒரு முனை 20 மில்லிஆம்பியர் அளவே தரும் என்று படித்ததும், இரண்டாம் படியில் 0.8 ஆம்பியர் அளந்த பிள்ளைகளே டிரான்சிஸ்டரைத் தேடுவார்கள். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ அருகிலுள்ள பாலிடெக்னிக்கிலோ படிக்கும் மாணவர் யாராவது தெரிந்தவராக இருந்தால் நிரல் பகுதிக்கு அழையுங்கள். பொறுப்பை மட்டும் முழுதாக விட்டுவிடாதீர்கள்.

முதல் உணர்வியாக மீயொலித் தொலைவுமானி எச்சி-எஸ்ஆர்04 நல்லது. ஒலி போய்த் திரும்பும் நேரத்தை அது தருகிறது. தொலைவை நாம் கணக்கிட வேண்டும். பல மாதிரி நிரல்களில் ஒலியின் வேகம் ஒரே நிலையான எண்ணாக இருக்கும். அதை அழித்துவிட்டு, 331-உடன் வெப்பநிலையின் 0.6 மடங்கைக் கூட்டும் வாய்பாட்டை எழுதச் சொல்லுங்கள். சேலத்து ஏப்ரல் மதியம் 38 டிகிரி என்றால் நொடிக்கு 353.8 மீட்டர். ஏற்காட்டில் 14 டிகிரிக் குளிர்காலக் காலையில் 339.4 மீட்டர். சேலத்து எண்ணோடு மலை ஏறிய வண்டி, ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரை 104 சென்டிமீட்டர் என்று சொல்லும். சுவருக்கு 5 சென்டிமீட்டர் முன்னால் நிற்கும்படி நிரல் எழுதிய குழு, அந்தத் தொலைவில் பிழை எவ்வளவு சுருங்கும் என்று கணக்கிட்டுவிட்டு, ஒரு வெப்பமானியையும் அளவுநாடாவையும் எடுத்துக்கொண்டு சோதிக்கட்டும்.